வட்ட மேஜை வீரர்களும் சித்திரக்காரர்களும்

வட்ட மேஜை என்றவுடன் 1930-ஆம் வருஷத்தில் லண்டனில் கூடிய மகாநாடுதான் நம் தேசத்தாரின் ஞாபகத்துக்கு வரும். நாம் இங்கே சொல்ல வந்ததோ அதைவிட மிகப் பழைய மேஜையைப் பற்றி. பிரிட்டனின் ஆர்தர் ராஜாவும் அவருடைய வீரர்களும், உயர்ந்த இடம் தாழ்ந்த இடம் என்ற பேதமின்றிச் சுற்றி அமர்ந்ததாகக் கதைகள் கூறும் மேஜை அது. அக்கதைகளில் ஒன்றையேனும் படித்திராதவர்கள்கூட அவ்வீரர்களின் தோற்றத்தை அறிவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளக்கும் கவசம். கையிலே நீண்ட ஈட்டி. கீழே துள்ளும் புரவி. இத்தோற்றத்தை நமக்கு அளித்தது சரித்திரமா? அன்று. சித்திரக்காரர்களே அளித்தார்கள்.

ஆர்தர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சரித்திர ஆராய்ச்சியாளர்களிடையே தீராத விவாதம். இருந்திருந்தால், ரோமானியர் பிரிட்டனை விட்டகன்ற பின்னர், 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்திருக்க வேண்டும். உடல் முழுவதையும் மூடும் இரும்புத் தகட்டுக் கவசம் அக்காலத்தில் கிடையாது. அது பூரணத்துவம் பெற்றது 15-ஆம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில்தான் தாமஸ் மாலரி அக்கதைகளைத் தொகுத்து எழுதினார். 1485-ல் காக்ஸ்டன் அச்சிட்டார். 1498-ல் விங்கின் டி வோர்ட் என்ற அச்சுக்காரர் மரத்தில் செதுக்கிய படங்களைச் சேர்த்து அதனை வெளியிட்டார். புராதன வீரர்கள் அச்சுக் காலத்து உடை தரித்துக் கொண்டார்கள்!

பின்னர் ஆர்தரின் மவுசு குறைந்தது. 1634-க்குப் பிறகு 1816 வரையில் மாலரியின் நூல் மறுபதிப்புக் காணவில்லை. டென்னிஸன் கவி மீண்டும் அக்கதைகளைப் பாடியபோது சித்திரக்காரர்களும் விழித்துக் கொண்டார்கள். 1857-ல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதிக்கு ரோஸெட்டி, மில்லே, ஹோல்மன் ஹண்ட் முதலியோர் படம் வரைந்தனர். ஷாலட் தீவின் சீமாட்டியை, கூந்தல் நாற்புறமும் பறக்க, தறியின் நூல் உடலைச் சுற்றிக்கொள்ள, ஹண்ட் சித்திரித்தார். தாம் அப்படி எழுதவில்லையே என்று கவி ஆட்சேபித்தார். ஆயினும் என்ன? ஹண்ட் பிற்காலத்தில் அதையே பெரிய வர்ண ஓவியமாகவும் தீட்டினார். படம் ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால், சொல் அதன் பின்னே நடக்க வேண்டியதுதான்.

டென்னிஸனுடைய ஆர்தர் காவியத்துக்கு மற்றொருவரும் படம் அளித்தார். அவர் தூரிகை ஏந்தவில்லை. புகைப்படக் கருவியை ஏந்தினார். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரான் அம்மையாரே அவர். 1874-ல் தம் கணவரையே மெர்லின் என்ற மந்திரவாதியாக வேஷமிட்டு நிறுத்திப் படம் பிடித்தார். அம்மையார் தம் கடைசி நாட்களை இலங்கையில் கழித்து, 1879-ல் அங்கேயே காலமானார்.

1892-ல் ஆப்ரே பியர்ட்ஸ்லி என்னும் இருபது வயது வாலிபர் மாலரியின் நூலுக்குப் படம் வரைய முற்பட்டார். இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமுமே அவர் அறிந்த வர்ணங்கள். அவருடைய வீரர்களிடம் வீரத்தைக் காணோம். சோர்வும் துயரமும் படிந்த முகங்களையே காண்கிறோம். க்ஷயரோகம் அவரை 25-ஆம் வயதில் கொண்டு போயிற்று.

அமெரிக்கரான ஹோவர்ட் பைல் தாமே கதையெழுதித் தாமே படமும் வரைந்து, 1903 முதல் 1910 வரை நான்கு புஸ்தகங்களை வெளியிட்டார். சிறுவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. அவற்றில் வரும் வீரன் நிமிர்ந்து நிற்பவன். சொன்ன சொல் தவறாதவன். இத்தகைய வீரனைக் கண்டு உள்ளம் பூரிக்காத பாலகன் உண்டோ?

ஆனால், அந்தப் பாலகர்கள் வளர்ந்தபோது வந்தது 1914-ஆம் வருஷத்து மகா யுத்தம். 1915-ல் பிரிட்டிஷ் சர்க்கார் படைக்கு ஆள் சேர்க்க ஒட்டிய சுவரொட்டி ஒன்றில், கவசமணிந்த செயிண்ட் ஜார்ஜ் குதிரைமீதமர்ந்து பறவை நாகத்தைக் கொல்கிறார். அதனை நம்பிச் சென்றவர்கள் கண்டதோ முள்கம்பியும், இயந்திரத் துப்பாக்கியும், விஷப் புகையும், சேறும்.

1917-ஆம் வருஷத்தில் ஆர்தர் கதைகளுக்கு இரண்டு சித்திரப் புஸ்தகங்கள் வெளியாயின. பைலின் சீடரான அமெரிக்கர் வையெத் வரைந்தது ஒன்று. அதில் ஏரியின் நடுவிலிருந்து எழும் கரத்திலிருந்து ஆர்தர் வாளைப் பெறுகிறார். காண்பவர்க்கு உடல் சிலிர்க்கும். மற்றொன்று ஆங்கிலேயரான ராக்கம் வரைந்தது. அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் வானத்தின் கீழே பிணங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே தந்தையும் மகனும் ஒருவரையொருவர் கொன்று கொள்கிறார்கள். ஆர்தரும் மார்டிரெட்டுமே அவ்விருவர். பிள்ளையைப் போருக்கு அனுப்பியிருந்த வீட்டில் இந்தப் பக்கத்துக்கு விளக்கம் வேண்டியிருந்திராது.

கதை ஒன்றே, கண்கள் வேறு. வாள் பெறும் பக்கத்தை மட்டும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுப் புஸ்தகத்தை மூடிவிடுவது எளிது. வாள் எங்கே கொண்டு சேர்த்தது என்ற பக்கத்தையும் பெற்றோர் உடனிருந்து காட்டுவார்களாக. வீரம் என்ற சொல்லுக்கு அப்பொழுதுதான் முழுப் பொருள் விளங்கும்.