பாட்டி பேசும் வோரோ மொழி

ஐரோப்பாவின் வடபகுதியில் எஸ்தோனியா என்ற சிறிய நாடு இருக்கிறது. அங்கே மொத்தம் சுமார் 13 லட்சம் மக்கள்தான். நம் நாட்டின் பல மாவட்டங்களில் இதைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள்.

அந்த நாட்டின் தென்கிழக்கு மூலையில் வோரு என்ற ஊர் உள்ளது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் மொழி வோரோ. எஸ்தோனிய மொழியும் பின்லாந்து நாட்டு மொழியும் இதற்கு உறவு. மூன்றும் ஒரே குடும்பம்.

வோரோவில் 'கல' என்றால் மீன். சொல்லின் கடைசியில் தொண்டையைச் சட்டென்று அடைத்தால் பல மீன்கள் என்று பொருள். அந்த அடைப்புக்கு 'கியூ' என்ற எழுத்தைப் போடுகிறார்கள். எஸ்தோனிய மொழியில் இந்த ஒலி கிடையாது.

ஒரு வியப்பான செய்தி. அந்த நாட்டில் கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாடு முதலில் தென்பகுதிப் பேச்சில்தான் அச்சானது. ஆண்டு 1686. வடபகுதிப் பேச்சில் அது 1715-இல்தான் வந்தது. ஆனால் 1739-இல் முழு பைபிளும் வடபகுதிப் பேச்சில் வெளியானது. பிறகு பாடப் புத்தகம், செய்தித்தாள், அலுவலகம் எல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டன. தெற்கின் பேச்சு வீட்டிலும் வயலிலும் மட்டும் நின்றது.

பள்ளியில் வோரோ பேசிய பிள்ளைகள் கண்டிக்கப்பட்டார்கள். அது படிக்காதவர் பேச்சு என்று கேலி செய்தார்கள். பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளிடம் எஸ்தோனிய மொழியில் பேசத் தொடங்கினார்கள். பிள்ளை முன்னேற வேண்டுமே என்ற கவலை! அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இப்படிப் பாட்டிக்குத் தெரிந்த மொழி பேத்திக்குத் தெரியாமல் போனது.

1980-களின் கடைசியில் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1991-இல் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றது. 1995-இல் வோரோ மொழிக்கென்று ஒரு நிறுவனம் அமைந்தது. அகராதியும் பாடநூல்களும் வந்தன. 2000-இல் 'உமா லேத்' என்ற பத்திரிகை தொடங்கியது. 'சொந்தத் தாள்' என்று அதற்குப் பொருள். 2004-இல் ஐரோப்பிய நாடுகளின் பெரிய பாட்டுப் போட்டிக்கு எஸ்தோனியா ஒரு வோரோ பாட்டை அனுப்பியது. பாட்டு இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் கேலிக்குள்ளான பேச்சைப் பல நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் கேட்டார்கள்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் சுமார் 75 ஆயிரம் பேர் தங்களுக்கு வோரோ தெரியும் என்றார்கள். அவர்களில் வயதானவர்களே அதிகம். அதனால் சிறு குழந்தைகளுக்கு 'மொழிக் கூடு' நடத்துகிறார்கள். நம் பால்வாடி போன்ற இடம்தான். அங்கே ஆசிரியை வோரோவில் மட்டுமே பேசுவார். சாப்பாடு, விளையாட்டு, பாட்டு எல்லாம் அதே மொழியில்தான். சில இடங்களில் இது வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடக்கிறது. அந்த ஒரு நாள் போதாது. மற்ற நாட்களில் வீட்டில் யாராவது அந்தக் குழந்தையிடம் வோரோவில் பேச வேண்டும்.