களத்துமேட்டுக் கணக்கு

பாகூர் பழங்காலத்திலேயே கல்வியிற் சிறந்த ஊராகும். 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. பிற்காலத்தே தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். அதன் பயன் களத்துமேட்டில் விளங்கிற்று.

பழைய வாய்பாட்டின்படி 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். எனவே, 8-ஐ 12-ஆல் பெருக்க, ஒரு கலத்துக்கு 96 படியாகும். 1,000 படி நெல் எத்தனை கலம்? 96-ஆல் வகுத்தால் ஈவு 10 கலம். மீதி 40 படி. அதனை 8-ஆல் வகுக்க 5 மரக்கால். 96-ஐ 10-ஆல் பெருக்கி 40-ஐக் கூட்டுக, 1,000 வரும். வகுத்தலுக்குப் பெருக்கலே சான்று.

கணக்கறியாத உழவன் அளப்பவன் சொல்லையே நம்ப வேண்டும். அவன் மீதியை மறைத்தால், உழவனுக்கு 5 மரக்கால் இழப்பாகும். மாணவர்களே, கணக்கு உழைப்பின் காவல் என்பதை உணர்மின்!