கவிபலகைப் படகின் கவ்வி: கருவியின் செயலும் தமிழ்ச் சொல்லாக்கமும்

0. முன்னுரை

தொழிற்கருவி ஒன்றன் பெயரை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொணர்கையில் அகராதி தரும் நிகர்ச்சொல் மட்டும் போதுவதில்லை. கருவி எப்பொருளின்மேல் இயங்குகிறது, எத்திசையில் விசை தருகிறது, வேலை முடிந்தபின் அகற்றப்படுகிறதா, செய்பொருளோடு நிலைத்து நிற்கிறதா என்பனவற்றை அறிந்த பின்னரே பெயரைத் தெரிவு செய்ய இயலும். மரப்படகு கட்டுவோர் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கப் பயன்படுத்தும் 'கிளாம்ப்' இதற்கு ஏற்ற சான்றாகும். படகுக் கட்டுமானம் பற்றிய ஆங்கில நூல்களில் இச்சொல் ஒரு கருவியையும் குறிக்கிறது. படகின் உறுப்பாகிய ஒரு மரத்தையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத மொழிபெயர்ப்பு, படிப்பவரைத் தவறான வேலைக்கு இட்டுச் செல்லும். வட ஐரோப்பியப் படகுத் தொழிலில் இக்கருவி பெறும் இடத்தை விளக்கி, அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் உரிய தமிழ்ச் சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கவிபலகை முறையும் கருவியின் தேவையும்

மரப்படகின் மேலுடலை அமைக்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்றில் பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்கும். உடலின் மேற்பரப்பு மழமழப்பாக அமையும். மற்றொன்றில், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, ஒவ்வொரு பலகையின் கீழ்விளிம்பும் தனக்குக் கீழுள்ள பலகையின் மேல்விளிம்பை வெளிப்புறமாகக் கவிந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'கிளிங்கர்' எனப்படும் இம்முறையை இங்குக் 'கவிபலகை முறை' என்றும், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியைக் 'கவிவு' என்றும் குறிப்பிடலாம்.

நார்வேயில் 1880இல் கண்டெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலும் 1904இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓசெபெர்க் கப்பலும் இம்முறையில் கட்டப்பட்டவையே. இம்மரபு இன்றும் அறுபடவில்லை. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளின் கவிபலகைப் படகு மரபு 2021இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நார்வேயின் 'ஊசெல்வர்' என்னும் சிறு படகைக் கட்டும் கலையைப் பயிற்றிப் பேணும் முயற்சி, அவ்வமைப்பின் நற்பேணுமுறைப் பதிவேட்டில் 2016இல் சேர்க்கப்பட்டது. இத்தகைய மரபுகளைப் பற்றிய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் கருவிப் பெயர்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

மரபு முறையில் முதலில் ஏராவும் முன்பின் தண்டுகளும் நிறுத்தப்படும். அதன்பின் பலகைகள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படும். உள்விலாச் சட்டங்கள் பின்னரே பொருத்தப்படும். ஆகவே, புதிதாகச் சேர்க்கப்படும் பலகையைத் தாங்குவதற்கு உள்ளே சட்டம் ஏதும் இல்லை. அது பற்றி நிற்கக்கூடிய ஒரே இடம் முந்தைய பலகையின் மேல்விளிம்பாகும். அவ்விடத்தில் அதனைச் சரியாகப் பொருத்தி, அளவு குறித்து, எடுத்துச் சீவி, மீண்டும் பொருத்தி, துளையிட்டு, ஆணி அறைந்து, அதன் முனையை உட்புறத்தில் சிறு உலோகத் தகட்டின்மேல் தறைய வேண்டும். இத்தனை வேலையும் முடியும் வரையில் இரு பலகைகளையும் கவிவில் அழுத்திப் பிடிப்பதே இங்கு ஆராயப்படும் கருவியின் பணி.

இப்பணிக்குத் தச்சுப் பட்டறையில் வழங்கும் சிறிய திருகுக் கருவி எளிதில் பொருந்துவதில்லை. அழுத்த வேண்டிய இடம் புதிய பலகையின் கீழ்விளிம்பில் உள்ளது. கருவியை நுழைக்கக்கூடிய இடமோ அதன் மேல்விளிம்பில் உள்ளது. இரண்டிற்கும் இடையே பலகையின் முழு அகலமும் கிடக்கிறது. எனவே பலகையின் மேலே கால் பரப்பி ஏறி, ஒரு கை உட்புறமாகவும் மற்றொரு கை வெளிப்புறமாகவும் இறங்கிக் கவிவை எட்டும் நீண்ட கருவி தேவைப்படுகிறது. அதுவும் ஒன்றிரண்டு போதாது. தண்டு முதல் தண்டு வரை, குறுகிய இடைவெளிகளில், ஒரு பலகைக்கே பல கருவிகள் வேண்டும்.

2. கருவியின் அமைப்பும் இயக்கமும்

மரபான வடிவம் மிக எளியது. உறுதியான மரத்தாலான இரு கைகள். அவற்றின் இடைப்பகுதியில் இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஒரு மரையாணி அல்லது மரமுளை. ஒரு முனையில் பலகையைப் பிடிக்கும் தாடைகள். மறுமுனையில் கைகளுக்கிடையே செருகப்படும் ஓர் ஆப்பு. ஆப்பைக் கொட்டாப்புளியால் தட்டியதும் கைகளின் வால்முனைகள் விலகுகின்றன. இடையாணி சுழல்மையமாக நிற்பதால் மறுமுனையிலுள்ள தாடைகள் நெருங்குகின்றன. வெவ்வேறு கனமுள்ள பலகைகளுக்கு ஏற்பக் கைகள் சாயும்பொருட்டு ஆணித்துளை சற்றே தளர்வாக இடப்படுகிறது.

இஃது ஒரு நெம்புகோல் என்பது வெளிப்படை. இடையாணியிலிருந்து தாடை 30 செ.மீ. தொலைவிலும் ஆப்பு 20 செ.மீ. தொலைவிலும் இருப்பின், ஆப்பு தரும் விசையில் மூன்றில் இரண்டு பங்கே தாடையை அடையும். நீண்ட கைகளால் நேரும் இவ்விழப்பை ஆப்பு ஈடுசெய்கிறது. எட்டு அளவு நீளத்திற்கு ஓர் அளவு தடிக்கும் ஆப்பின் சாய்வு ஏறத்தாழ 7 பாகை ஆகும். உலர்ந்த மரத்தின்மேல் மரம் வழுக்கத் தொடங்கும் சாய்வு இதனினும் மிகுதி. ஆதலால் உராய்வே ஆப்பைப் பிடித்து நிறுத்துகிறது. தட்டிய ஆப்பு தானாகப் பின்வாங்குவதில்லை. கழற்ற வேண்டும்போது மறுபக்கத்தில் ஒரு தட்டு போதும்.

இவ்விரைவு வெறும் வசதி அன்று. வளைவு மிகுந்த இடங்களுக்கு உரிய பலகைகளை நீராவியில் வேகவைத்து வளைப்பதுண்டு. 25 மி.மீ. கனத்திற்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களிடையே வழங்கும் பொதுக்கணக்கு. வெளியில் எடுத்த பலகை சில நிமிடங்களில் இளக்கத்தை இழந்துவிடும். ஒவ்வொரு திருகாகச் சுற்றி இறுக்குவதற்கு அப்போது நேரம் இராது.

மரக்கருவிக்கு வேறு நன்மைகளும் உண்டு. அது எடை குறைந்தது. மென்மரப் பலகையில் தழும்பு ஏற்படுத்துவது குறைவு. தச்சரே கழிவு மரத்தில் செய்துகொள்ளத்தக்கது. ஈரமான ஓக் மரத்தில் இரும்பு படின் மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு கூடிக் கருநீலக் கறை உண்டாகும். மரத்தாடையில் அக்குறை இல்லை.

சொல்லாக்க நோக்கில் இவற்றினின்று பெறப்படும் கூறுகள் மூன்று: கருவி இருபுறமிருந்தும் தாடைகளால் பிடிக்கிறது, ஆப்பினால் இயங்குகிறது, வேலை முடிந்ததும் நீங்குகிறது.

3. பிறமொழிகளில் பெயரிடும் நெறி

ஒரே வகைக் கருவிக்கு மொழிகள் வெவ்வேறு கூறுகளைக் கொண்டு பெயரிட்டுள்ளன. ஜெர்மன் மொழியின் 'ட்ஸ்விங்கெ' கட்டாயப்படுத்துதல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது, விசையை முதன்மைப்படுத்துகிறது. பிரெஞ்சு மொழியின் 'செர்-ழுவேன்' இறுக்குதல், இணைப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு. கருவி செயற்படும் இடத்தையும் பெயரிலேயே காட்டுகிறது. நார்வேஜிய மொழியின் 'க்ளீபெ' கிள்ளுதலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. துணி உலர்த்தும் கொடியில் செருகும் சிறு கவ்விக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தின் 'வைஸ்' திருகைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி, கொடிமுந்திரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற்குச் செல்கிறது. பற்றுக்கொடியின் சுருள் திருகின் வடிவை நினைவூட்டியது போலும்.

ஆங்கிலத்திலேயே வழக்கு வேறுபாடு உண்டு. பிரிட்டானியத் தச்சர் 'ஜி-கிராம்ப்' என்பதனை அமெரிக்கர் 'சி-கிளாம்ப்' என்பர். கருவி ஒன்றே, அதன் வடிவுக்கு உவமையான எழுத்தும் வேறு, பெயரும் வேறு. மொழிபெயர்ப்பாளர் இவற்றை இருவேறு கருவிகளாகக் கொள்ளுதல் கூடாது.

4. ஒரு சொல், பல பொருள்

'கிளாம்ப்' என்னும் சொல்லின் பொருட்பரப்பு அகன்றது. செங்கற்களை அடுக்கிச் சுடும் திறந்த சூளையும், வைக்கோலும் மண்ணும் மூடிச் சேமிக்கும் கிழங்குக் குவியலும் ஆங்கிலத்தில் 'கிளாம்ப்' எனப்படும். இப்பொருள்கள் வேறு துறையின. சூழலே அவற்றை விலக்கிவிடும். இடர் தருவது ஒரே துறைக்குள் வழங்கும் இருபொருளாகும்.

தளமுள்ள படகில் குறுக்கு விட்டங்களின் முனைகளைத் தாங்குவதற்காக, உடலின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் கனத்த மரம் ஒன்று பொருத்தப்படும். அதற்கும் 'கிளாம்ப்' என்றே பெயர். இது படகின் நிலையான உறுப்பு. படகு உள்ளளவும் அதனுள் இருப்பது. ஆங்கிலம் அறிந்த படகுத் தச்சர்க்குக் குழப்பம் இல்லை. வேலையின் எந்தக் கட்டம் என்பதே பொருளை உணர்த்திவிடும். அத்தொழிலை அறியாத மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வுதவி கிட்டுவதில்லை.

பின்வரும் இரு தொடர்களை ஒப்பிடலாம்:

(அ) ஆணிகளைத் தறைந்தபின் கிளாம்புகளைக் கழற்றுக.
(ஆ) விட்டங்களின் முனைகளைக் கிளாம்பின்மேல் அமர்த்துக.

இரண்டிலும் 'பற்றுக்கருவி' என்று பெயர்த்தால் (ஆ) தொடர், கழற்றப்பட வேண்டிய கருவியின்மேல் தளத்தை ஏற்றுமாறு பணிப்பதாகிவிடும். இரண்டிலும் ஒலிபெயர்ப்பாகக் 'கிளாம்ப்' என நிறுத்தினாலும் இடர் தீர்வதில்லை. மொழிபெயர்ப்பாளரின் ஐயம் அப்படியே படிப்பவரிடம் மாற்றி வைக்கப்படுகிறது.

இதனைத் தீர்க்கும் வழி சொல்லின் உடன்வரவை நோக்குவதாகும். கருவிப் பொருளில் வரும்போது கழற்று, நகர்த்து, தளர்த்து, மாட்டு என்னும் வினைகள் உடன்வரும், பன்மை வடிவம் மிகுதி, எண்ணிக்கை கூறப்படும். உறுப்புப் பொருளில் வரும்போது சீவு, வளை, அமர்த்து, ஆணியறை என்பன உடன்வரும். மரத்தின் வகையும் கனமும் கூறப்படும். பெரும்பாலும் பக்கத்திற்கு ஒன்றாகவே பேசப்படும். இவ்வாய்வைச் செய்தபின் மரத்தை 'விட்டந்தாங்கி' எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடலாம். அதன்பின் எஞ்சுவது கருவிக்குரிய பெயரே.

5. தமிழில் பெயர் தெரிதல்

தமிழகக் கடற்கரையின் பழைய மசூலாப் படகில் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. அங்குப் பலகைமேல் பலகையை அழுத்திப் பிடிக்கும் தேவை எழவில்லை. ஆகவே கவிபலகைக் கருவிக்கு நேரான பெயரை அத்தொழிலில் தேடுவது பயன் தராது. வேறு தொழில்களிலும் பொதுவழக்கிலும் உள்ள வினைகளைக் கொண்டே பெயர் அமைத்தல் வேண்டும்.

தமிழில் இப்பொருட்புலத்தைச் சார்ந்த வினைகள் பல. அவை ஒன்றற்கொன்று நிகரல்ல. 'பிடி' மிகப் பொதுவானது. கையால் தாங்குதலையும் குறிக்கும். 'பற்று' ஒட்டுதலையும் உள்ளடக்கும். தீயும் பற்றும், கறையும் பற்றும். 'இறுக்கு' முடிச்சுக்கும் திருகுக்கும் உரியது. இருபுறப் பிடிப்பு அதில் இன்றியமையாததன்று. 'இடுக்கு' குறுகிய இடைவெளியில் ஒன்றைச் செருகி நிறுத்துதல். ஆயினும் அதனடியாகப் பிறந்த 'இடுக்கி' அடுப்படிக் கருவிக்கு உரிமையாகிவிட்டது. 'குறடு' கம்மியர் கருவியாக நன்கு அறியப்பட்டதாயினும், மரக் காலணியையும் திண்ணையையும் குறிக்கும். மேலும் அது கையால் அழுத்தும்வரை மட்டுமே பிடிப்பது.

எஞ்சி நிற்பது 'கவ்வு'. இவ்வினை இரு தாடைகளால், எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து, விடாது பிடித்தலை உணர்த்துகிறது. மேலே வகுத்த கூறுகளுள் முதலாவது இதில் இயல்பாகவே அடங்கியுள்ளது. 'மண்வெட்டி' என்பதில் கருவிப்பொருளைத் தரும் இகர விகுதியே இதனோடும் சேர்ந்து 'கவ்வி' என்னும் பெயரை ஆக்குகிறது. இரண்டாம் கூறாகிய இயக்கும் முறையை அடையாக முன்வைப்பின், மரக்கருவி 'ஆப்புக் கவ்வி' என்றும், இரும்புக் கருவி 'திருகு கவ்வி' என்றும் பிரியும். ஜி, சி என்னும் எழுத்துகள் காட்டும் வடிவைத் தமிழில் 'ப வடிவத் திருகு கவ்வி' என உணர்த்தலாம். சாய்த்து வைத்த பகரமே அக்கருவியின் வடிவம். மூன்றாம் கூறாகிய நீக்கப்படும் தன்மை தனி அடை வேண்டுவதில்லை. 'விட்டந்தாங்கி' என்னும் பெயரோடு எதிர்நிற்பதால் அது விளங்கும்.

பட்டறைப் பேச்சில் 'கிளாம்ப்' வேரூன்றியது என்பதை மறுத்தல் இயலாது. தொழிலாளர்க்கான கையேட்டில் 'ஆப்புக் கவ்வி' முதன்முறை வருமிடத்தில், பட்டறையில் கிளாம்ப் எனப்படுவது என ஒரு குறிப்புத் தருதல் நன்று.

6. உறுப்புப் பெயர்கள்

உறுப்புகளுக்கு ஆங்கிலம் உடலுறுப்புப் பெயர்களை மிகுதியும் பயன்படுத்துகிறது. அவற்றுள் சில தமிழுக்கும் இயல்பானவை. 'கை', 'தாடை' என்பன தயக்கமின்றி வழங்கத்தக்கன. ஆயினும் எல்லாவற்றையும் அவ்வாறே பெயர்த்தல் கூடாது. 'வாய்' என்பது தமிழ்த் தொழில்வழக்கில் வெட்டும் விளிம்பைக் குறிக்கும். உளிவாய், கோடரிவாய் என்பன சான்று. கவ்வியின் பிடிக்கும் பகுதியை 'வாய்' என்றால், அது வெட்டும் முனையென மயங்க இடமுண்டு.

தாடைக்கும் இடையாணிக்கும் உள்ள தொலைவை ஆங்கிலம் 'தொண்டையின் ஆழம்' என்று கூறும். தமிழில் இத்தொடர் பொருளற்றது. அத்தொலைவு, கருவி பலகையைத் தாண்டி எவ்வளவு எட்டும் என்பதையே காட்டுகிறது; எனவே 'எட்டளவு' என்பது பொருந்தும். எட்டளவு பலகையின் அகலத்தைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும் என்று எழுதினால், தச்சருக்கும் பொருள் உடனே விளங்கும்.

7. முடிவுரை

கவிபலகைப் படகின் கவ்வி சிறு கருவி. ஆணி தறைந்ததும் விலகிவிடுவது. முடிந்த படகில் அதன் சுவடும் இராது. ஆயினும் அது தாங்கும் நேரத்தில்தான் படகின் வடிவம் முடிவாகிறது. பெயரை ஆங்கிலச் சொல்லினின்று தேடின் கருவியும் மரமும் ஒன்றாகிவிடும். செயலினின்று தேடின் அவை தாமே பிரியும். உடன்வரும் வினைகளை நோக்கிப் பொருளைத் துணிதல், கருவி இயங்கும் முறையை அறிதல், அதற்கேற்ற தமிழ் வினையடியைத் தெரிதல், உறுப்புப் பெயர்களைத் தமிழ்த் தொழில்வழக்கோடு ஒத்துப் பார்த்தல் என்னும் வரிசை, பிற தொழிற்கருவிப் பெயர்களின் மொழிபெயர்ப்புக்கும் பயன்படும் எனலாம்.