முழங்கால் இல்லாத யானை

பழைய ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த என் பேத்தி திடீரென்று சிரித்தாள். "தாத்தா, இது யானையா, பன்றியா?"

இடைக்கால ஐரோப்பாவில் வரையப்பட்ட யானை அது. தும்பிக்கை ஊதுகுழல் மாதிரி விரிந்திருந்தது. கால்கள் வெறும் தூண்கள். யானைக்கு முழங்கால் மூட்டே கிடையாது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும், வேடர்கள் அம்மரத்தைப் பாதி அறுத்து வைத்தால் விழுந்துவிடும் என்று அன்று நம்பினார்கள். வரைந்தவர்களில் பலர் யானையைக் கண்டதே இல்லை. கேட்டதை வரைந்தார்கள்.

1255-இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசளித்தார். லண்டன் கோட்டையில் 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் அதற்குக் கொட்டகை போட்டார்கள். மேத்யூ பாரிஸ் என்ற துறவி நேரில் பார்த்து வரைந்தார். கால்களுக்கு மூட்டு வந்துவிட்டது! பக்கத்தில் பாகனையும் வரைந்து, இவன் உயரத்தைக் கொண்டு யானையின் அளவை அறியலாம் என்று குறிப்பும் எழுதினார். ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்த எனக்கு இது பெரிய விஷயம். அளவு சொல்லாத படத்தை நாங்கள் ஏற்கமாட்டோம்.

பாவம், இரண்டே ஆண்டுகளில் அந்த யானை இறந்துபோனது. படம் இருக்கிறது.

நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லோரையும் 'மதராஸி' என்றார்கள். எனக்குக் கோபம் வரும். யோசித்துப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரரை நானும் பல வருடங்கள் முழங்கால் இல்லாமல்தான் வரைந்து வைத்திருந்தேன்.