ரத்த உறைவு மாத்திரை: ஒருவரின் டோஸ் இன்னொருவருக்குப் பொருந்தாது... ஏன்?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு முகப்பேரில் இருக்கும் இதய மருத்துவமனைக்குப் போகிறார் ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதலில் தேடுவது 'ஐ.என்.ஆர்' என்ற எண்ணைத்தான். மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

எல்லா லேபுக்கும் ஒரே அளவுகோல்

கால் நரம்பில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத் தரப்படுபவைதான் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகள். அளவு குறைந்தால் ரத்தம் மறுபடி உறையும். கூடினால் உடலுக்குள் ரத்தம் கசியும். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தானது வார்ஃபரின் என்பதிலிருந்தே இதன் வீரியம் புரியும்.

ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று லேபில் அளப்பார்கள். ஆனால், லேபுக்கு லேப் பயன்படுத்தும் ரசாயனம் வேறுபடுவதால் விநாடிக் கணக்கும் மாறும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர் முறையைக் கொண்டுவந்தது. மருந்து எடுக்காதவருக்கு இது சுமார் 1. ரத்த உறைவுக்குச் சிகிச்சை பெறுபவருக்குப் பொதுவாக 2 முதல் 3.

எண் பொதுவானது, அதை எட்ட வேண்டிய டோஸ் ஆளுக்கு ஆள் மாறும். மரபணு, வயது, கல்லீரலின் நிலை, மற்ற மருந்துகள் எல்லாமே காரணம். வார்ஃபரினும் அசினோகூமராலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமும் அல்ல. எனவே, பக்கத்து வீட்டுக்காரரின் டோஸைப் பின்பற்றவே கூடாது.

கீரையை நிறுத்த வேண்டாம்

முருங்கைக்கீரை போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே, இந்த இரண்டு மாத்திரைகளின் வேலையையும் குறைக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். அளவு சீராக இருந்தால் போதும். ஆடி மாதக் கூழோடு தினமும் முருங்கைக்கீரை என்று திடீரென மாற்றினால்தான் சிக்கல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

புது மாத்திரையில் தேதி முக்கியம்

ரிவரோக்சாபன், அபிக்சாபன் போன்ற புதிய மருந்துகளுக்கு நிர்ணயித்த டோஸ் உண்டு, ஐ.என்.ஆர் பார்க்கத் தேவையில்லை. ரத்த உறைவுக்கு ரிவரோக்சாபன் வழக்கமாக முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை, சாப்பாட்டோடு. அபிக்சாபன் முதல் 7 நாள் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை.

பழைய சீட்டைக் காட்டி அதே டோஸைத் தொடர்ந்து வாங்கினால், ரத்தக்கசிவு அபாயம் கூடும். அளவு மாறும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். உலோக இதய வால்வு பொருத்தியவர்களுக்கு இந்தப் புதிய மாத்திரைகள் கூடாது.

உடனே மருத்துவமனைக்கு

மலம் கறுப்பாகப் போவது, சிறுநீரில் ரத்தம், தலையில் அடி, திடீர் மூச்சுத்திணறல் - எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மாத்திரையின் பெயர், டோஸ், கடைசி ஐ.என்.ஆர் மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.