இழைப்பு யந்திரத்தில் மரம் நின்றுவிட்டால்

நம் இழைப்புளிக்கு இந்தியில் வழங்கும் பெயர் ‘ரந்தா’. தில்லி கீர்த்தி நகர் போன்ற மரக்கடைப் பகுதிகளில், பலகையை ஒரே கனத்துக்கு இழைத்துத் தரும் யந்திரத்துக்கும் அப்பெயரே ஏறிவிட்டது. தமிழகத்திலிருந்து வந்து அப்பட்டறைகளில் தொழில் செய்யும் அன்பர்கள் இந்த யந்திரத்தோடு நாள்தோறும் பழகுகிறவர்கள். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் பலகை பாதியில் நின்றுவிடுவது அவர்களுக்குப் புதிதன்று. அப்போது என்ன செய்கிறார்கள்? உள்ளங்கையால் தள்ளுகிறார்கள், சிலர் வயிற்றை முட்டுக்கொடுத்தும் தள்ளுகிறார்கள். உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோருக்கு யந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டமே. ஆயினும் இத்தகைய அவசரத்தில்தான் விரல்கள் போகின்றன.

மரம் ஏன் நிற்கிறது என்பதை அறிய, அது எவ்வாறு நகர்கிறது என்பதை முதலில் காண்போம். கீழே மேசை, மேலே கத்திகள் பதித்த உருளை. இக்கத்திகள் மரம் செல்லும் திசைக்கு எதிராகச் சுழன்று வெட்டுகின்றன. எனவே கத்தி எப்போதும் மரத்தைப் பின்னோக்கித் தள்ளவே பார்க்கிறது. அதை வென்று மரத்தை முன்னே இழுத்துச் செல்பவை இரண்டு உருளைகள். கத்திக்கு முன்னால் இருப்பது உள்வாங்கும் உருளை. பெரிய யந்திரங்களில் இது பள்ளம் வெட்டிய இரும்பாக இருக்கும். கத்திக்குப் பின்னால் இருப்பது வெளித்தள்ளும் உருளை, இது வழவழப்பானது. இரண்டையும் ஸ்பிரிங்குகள் மரத்தின்மீது அழுத்துகின்றன. 1828-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் பெற்ற புகழ்வாய்ந்த காப்புரிமையில், சுழலும் கத்தியோடு பலகையை அழுத்திப் பிடிக்கும் உருளைகளைச் சேர்த்ததே முக்கிய அம்சமாக விளங்கியது. கத்தி மட்டும் இருந்தால் இந்த யந்திரம் யந்திரமாகாது.

ஆகவே, மரம் நின்றவுடன் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்றே: உருளை சுழல்கிறதா, இல்லையா? சுழலவில்லையெனில் கோளாறு பெல்ட்டிலோ சங்கிலியிலோ பற்சக்கரத்திலோ இருக்கிறது. பெல்ட் தொய்ந்திருந்தால் பெரும்பாலும் கிறீச்சென்ற ஓசையே அதைச் சொல்லிவிடும். உருளை சுழன்றும் மரம் நகரவில்லையெனில் கோளாறு பிடிமானத்தில் இருக்கிறது, அல்லது எதிர்ப்பில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, கத்தி முழுவதும் ஓய்ந்த பிறகு மேசையைத் தாழ்த்திப் பலகையை வெளியே எடுங்கள். ஓடும் யந்திரத்தின் வாயில் குனிந்து பார்ப்பது கூடவே கூடாது.

வெளியே எடுத்த அப்பலகையே நமக்குச் சாட்சி சொல்லும். அதன்மேல் உருளையின் பற்கள் ஒரே இடத்தில் குழி தோண்டியிருந்தால், உருளை பிடித்திருக்கிறது, ஆனால் வேறு ஏதோ மரத்தைத் தடுத்திருக்கிறது என்று பொருள். பற்களின் தடமே சரியாக விழவில்லையெனில் அழுத்தம் போதவில்லை; ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கவேண்டும். தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் ஒரு பக்கத்து ஸ்பிரிங்கு தளர்ந்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்துப் பேரிங்கின் கூட்டில் மரச்சீவல் அடைத்து உருளையைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். பள்ளங்களில் பிசினும் தூளும் இறுகியிருந்தால் பித்தளைக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்யவேண்டும். சிறு யந்திரங்களில் உருளை ரப்பரால் ஆனது. அது நாளடைவில் பளபளப்பேறி வழுக்கும். அதைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். பெட்ரோல் முதலியவற்றை ரப்பரில் தடவினால் ரப்பரே கெட்டுவிடும்.

பிடிமானம் சரியாக இருந்தும் மரம் நின்றால் மேசையைப் பாருங்கள். எமது அபிப்பிராயத்தில் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகளுக்கு மேசையே காரணம். ஆனால் எல்லாரும் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். இமயமலைப் பக்கத்துச் சீர் முதலிய பைன் மரங்களில் பிசின் மிகுதி. அது மேசையில் மெல்லிய தோல்போல் படிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது; விரலால் தடவினால் தெரியும். டர்ப்பன்டைன் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுக்கலாம். வண்ணக் கடைகளில் ‘தார்பீன்’ என்று கேட்டால் கிடைக்கும். அத்துணியைச் சீவல் குவியலில் எறிந்துவிடாதீர்கள். பீடி நெருப்பு ஒன்று போதும். மேசை உலர்ந்தபின் சாதாரண மெழுகுவத்தியைத் தேய்த்து, காய்ந்த துணியால் மெருகேற்றவேண்டும். எண்ணெய் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தூளைச் சேர்ப்பதோடு மரத்திலும் ஏறி, பின்னால் பாலிஷ் பிடிக்காமல் செய்துவிடும்.

பெரிய யந்திரங்களின் மேசையிலேயே இரண்டு சிறு உருளைகள் பதிந்திருக்கும். அவை மேசைமட்டத்துக்கு மேலே சற்றே எழும்பி நிற்கவேண்டும். மெருகான பலகைக்கு ஒரு காகிதக் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் அளவு போதும்; அறுத்தபடியே வரும் சொரசொரப்பான பலகைக்கு அதைப்போல் இருமடங்கு வைக்கலாம். இவை மேசைக்குள் தாழ்ந்துவிட்டால் மரம் மேசையில் உராய்ந்து நிற்கும். அளவுக்கு மேல் எழும்பினாலோ பலகையின் இரு முனைகளிலும் பள்ளம் விழும்.

அடுத்தது கத்தி. மழுங்கிய கத்தி மரத்தை வெட்டுவதில்லை, அடிக்கிறது. அடிக்கும்போது மரத்தைப் பின்னே தள்ளுகிறது. தேக்கில் மணற்சத்து உண்டாதலால் அது கத்தியை விரைவில் மழுக்கும். ஓசை கரகரப்பாக மாறுவதும், சீவலுக்குப் பதில் தூளே மிகுதியாக விழுவதும் இதற்கு அடையாளங்கள். சாணை பிடிக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிக்கொண்டே போவது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும்.

ஒரே தடவையில் அதிகம் இழைக்க முயல்வதும் மரத்தை நிறுத்தும். நம் தச்சர்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்பார்கள். வடக்கே அதற்குச் ‘சூத்’ என்று பெயர். அதற்கும் நூல் என்றே பொருள். இவ்வளவு தூரம் கடந்தும் இரு தொழிலாளரும் ஒரே அளவை ஒரே பெயரால் அழைப்பது வியக்கத்தக்கது! அகன்ற பலகையில் அரை நூலுக்கு மேல், அதாவது சுமார் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டத்தில் எடுக்கவேண்டாம். பலகையின் கனம் இடத்துக்கு இடம் மாறுபடுமாதலால், மிகக் கனமான இடத்தை அளந்து அதற்கேற்ப மேசையை வைக்கவேண்டும். நுழையும் முனையை மட்டும் அளந்தால் பாதி வழியில் நிற்கத்தான் செய்யும்.

பலகையின் முனை கத்தியைக் கடந்தபின், இரண்டாம் உருளையை எட்டுமுன் நின்றுவிடுகிறதா? அவ்விரண்டுக்கும் இடையே அழுத்துபட்டை ஒன்று பல யந்திரங்களில் உண்டு. கத்தி சுழலும்போது தொடும் மிகத் தாழ்ந்த மட்டத்தில் அது இருக்கவேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மரம் அதில் முட்டி நிற்கும். உள்வாங்கும் உருளையோ அதே மட்டத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கவேண்டும். உங்கள் யந்திரத்தின் கைநூலில் வேறு அளவு கண்டிருந்தால் அதையே கொள்க.

மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தால் ‘மெஷின் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ரோலர் கூம் ரஹா ஹை, லக்டீ நஹீ சல் ரஹீ’, அதாவது ‘உருளை சுழல்கிறது, மரம் நகரவில்லை’ என்று சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடி இவ்வாறு சொல்லத் தெரிந்தவரிடம், ‘நீதான் கெடுத்துவிட்டாய்’ என்று முதலாளி எளிதில் பழிபோட முடியாது.

இரண்டு உருளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள். எந்த உருளையின் பிடியும் இல்லாத அத்துண்டைக் கத்தி அம்புபோல் பின்னே எறியும். நீண்ட பலகையாக இழைத்துவிட்டுப் பிறகு துண்டு போடுவதே முறை. ஒரே நேரத்தில் வெவ்வேறு கனமுள்ள இரண்டு பலகைகளைச் செலுத்துவதும் இத்தகைய அபாயமே. உருளை கனமானதைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடும். பலகைக்கு நேர் பின்னால் நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தோளில் தொங்கும் துண்டையும், தில்லிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றிய மப்ளரையும், கையுறையையும் களைந்துவிட்டே யந்திரத்தருகில் செல்லுங்கள்.