இன்னொரு எஞ்சாமி எங்கே?

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானபோது இலங்கை மலையகத்தில் பலர் அதை வெறும் பாட்டாகக் கேட்கவில்லை. இங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் உழைத்துக் களைத்து, வெறுங்கையோடு தமிழ்நாடு திரும்பிய வள்ளியம்மாவின் பேரன், ரெப் பாடகர் அறிவு எழுதிய பாட்டு அது. அந்த அம்மாவே காணொளியில் வந்து அமர்ந்திருந்தார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறியதும் அதே மாதம்தான். அப்படியொரு நேரத்தில் வந்த பாட்டை ‘நம்ம பாட்டு’ என்று லயத்துப் பிள்ளைகள் சொந்தம் கொண்டாடியதில் வியப்பில்லை. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று பிறகு எழுந்த தகராறு ஊரறிந்தது. அதற்குள் இங்கே போகத் தேவையில்லை. அதே அறிவு 2024 இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டே ஓர் அல்பம் கொண்டுவந்தால் எதிர்பார்ப்பு எந்த உயரத்துக்குப் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எஞ்சாமி பரவிய அளவுக்கு அந்த அல்பம் பரவவில்லை. இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிறார்கள். சொல்லில் சூடு இருக்கிறது, ஆனால் கூடச் சேர்ந்து பாட வாய் எழவில்லை என்பது ஒரு கட்சி. முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பது மற்றது. முதல் கட்சி ஒன்றை மறந்துவிடுகிறது என்பேன். அறிவு எஞ்சாமியோடு பிறந்தவர் அல்லர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் குரல்களில் ஒன்று அவர். கானா, ரெப், ரொக் கிட்டார், பறை எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி, அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியில்லாத தமிழர் என்ற சிந்தனையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. 2019 இல் ஒஃப்ரோவுடன் சேர்ந்து அவர் தந்த ‘தெருக்குரல்’ தாலாட்டவில்லை, சண்டைக்கே இழுத்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 2024 இன் அல்பத்தில் அவர் தன் பாதைக்குத்தான் திரும்பியிருக்கிறார். வழி விலகி நிற்பது எஞ்சாமிதான். கல்யாண வீட்டில் ஒருநாள் பாயசம் கிடைத்ததற்காகத் தினமும் பாயசம் கேட்கிற கதையாக, விலக்கையே அளவுகோலாக்கிக்கொண்டு கலைஞரை அளக்கிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1965 இல் நியூபோர்ட் விழா மேடையில் பொப் டிலன் மின்கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தின் ஒரு பகுதி கூச்சலிட்டது. ரேடியோஹெட் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் கதை இன்னும் பொருத்தமானது. 1997 இல் ‘ஓகே கம்பியூட்டர்’ அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. அடுத்து 2000 இல் வந்த ‘கிட் ஏ’ யில் கிட்டார் பின்வாங்க, மின்னணு ஒலிகள் முன்னுக்கு வந்தன. தனிப்பாட்டு என்று ஒன்றைக்கூட அவர்கள் முன்கூட்டி வெளியிடவில்லை. அல்பம் விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. அதே வேளை பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள், விமர்சகர்களும் பிரிந்தார்கள். 2009 இல் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை அதையே அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த அல்பம் என்றது. ரசிகர்கள் முகம் சுளித்த அல்பமெல்லாம் பின்னால் காவியமாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சுளித்த முகம் பல தடவை சரியாகவே சுளித்திருக்கிறது, மெட்டு பிடிக்கவில்லை என்பதும் நியாயமான காரணமே. ஆனால் முதல் வாரத்து ஏமாற்றத்தில் பாதி, நாம் எதிர்பார்த்து வைத்திருந்த பாட்டைப் பற்றியது; கலைஞர் தந்த பாட்டைப் பற்றியது அன்று.

மலையகத்தில் இந்த ஏமாற்றத்தோடு இன்னொரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஒப்பாரியையும் தாலாட்டையும் எடுத்து ரெப்பிலும் ரொக்கிலும் கலப்பது அவற்றைக் கெடுப்பது என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். இதை ஹட்டனிலிருந்து சொல்வதுதான் விநோதம். 1931 இல் இந்த நகரைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், தொழிலாளர் படும் பாட்டைத் தானே பாட்டாகக் கட்டினார், கூட்டங்களில் தானே பாடினார், 1940 இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். அன்று சனங்களின் வாயில் இருந்த பிரபல மெட்டுகளையே அவர் எடுத்துக்கொண்டார். எழுதியவரே பாடி, பெரிய கம்பனி எதன் தயவும் இல்லாமல் கேட்பவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதைத்தானே இன்று ‘இண்டி’ என்கிறோம்? கலப்பும் நமக்குப் புதிதல்ல. காமன் கூத்து கடல் கடந்து வந்தது, இங்கே தோட்டத்து வாழ்வுக்குள் ஊறியது. விடியலில் தொழிலாளரைப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்பிய தப்புப் பறைதான் கூத்துக்கும் சாவுக்கும் அடிக்கப்பட்டது. துரை சொன்ன நேரத்துக்கு அடித்த கருவியையே திருவிழாவுக்கும் உரியதாக்கிக்கொண்ட சனங்களுக்குக் கலப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் கவலை வேறு. ஒரு நல்ல அல்பம் வந்தாலும், சுமாரான அல்பம் வந்தாலும், மலையகம் அதில் கதையாகவே இருக்கிறது. அழுத கண்ணீர் இங்கே, அதைப் பாட்டாக்கும் கலையகம் சென்னையில். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய குடும்பத்தின் பேரன் பாடியதால் எஞ்சாமி வந்தது. கப்பலேறாமல் இங்கேயே நின்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகளின் அல்பம் எங்கே? கைபேசியில் ரெப் பாடிப் பதிவேற்றுகிற பிள்ளைகள் இங்கும் இருக்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறார்கள், அவர்களை மெச்சுகிறேன். ஆனால் ஓர் இசைக்குழு உருவாக நாலு பேர் ஒரே ஊரில் தொடர்ந்து சில வருடங்கள் இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பஸ் ஏறுகிற தலைமுறையில் அந்த நாலு பேர் எப்போது சேர்வது? சேர்ந்தாலும் எங்கே ஒத்திகை பார்ப்பது? சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்துக் காம்பராவில் டிரம் அடித்தால் பக்கத்துக் காம்பராக் குழந்தை விழித்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. தப்பைச் சாதியோடும் சாவோடும் கட்டிவைத்து, படித்த பிள்ளை அதைத் தோளில் மாட்டுவதைக் கேவலமாகப் பார்க்கிற மனசு தோட்டத்தில் இன்னும் போகவில்லை. பறையை மேடையின் நடுவில் வைத்த சென்னைக் குழுவுக்குக் கைதட்டுவோம். நம் வீட்டுப் பையன் தப்பெடுத்தால் முறைப்போம்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தோட்டந்தோட்டமாகச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கியதால் அந்தப் பாடல்களின் சொல்லாவது மிஞ்சியது. மெட்டும் இழுப்பும், கொழுந்து மலையில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற விதமும் அச்சில் ஏறாதவை. அவற்றை இன்னும் பாடத் தெரிந்த பாட்டிமார் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2023 இல், மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டானதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த உற்சாகத்தில் ஒரு துளி இந்த வேலைக்கு வந்தால் போதும்: ஒரு பாடசாலை மண்டபம், ஒரு நல்ல ஒலிவாங்கி, பாட்டிமாருக்கு ஒரு நாள் சம்பளம் நட்டமில்லாமல் கொடுக்கும் ஏற்பாடு, அந்த ஒலிப்பதிவுகளைக் கிட்டாரும் தப்பும் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் தலையிடாமல் இருக்கிற பொறுமை. அதன் பிறகு ஹட்டனிலிருந்து ஓர் அல்பம் வந்து, தப்புச் சத்தம் கூடிப்போச்சு, பாட்டியின் மெட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று நாலு பேர் முகநூலில் அடித்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் நானே கேட்பேன்.